இரு ஊடகங்களின் எல்லையில்

ஒரே தன்மையுள்ள ஓர் ஊடகத்திற்குள் செல்லும்வரை ஒளியின் பாதை நேர்க்கோடாகவே இருக்கிறது. காற்றிலிருந்து நீருக்கோ நீரிலிருந்து கண்ணாடிக்கோ அது கடக்க நேரும் இடத்தில்தான் அதன் திசையும் வலிமையும் ஒருசேர மாறுகின்றன. எல்லையை அடைந்த ஒளியில் ஒரு பகுதி, வந்த ஊடகத்திற்கே திரும்புகிறது. இதற்கு எதிரொளிப்பு என்று பெயர். எஞ்சிய பகுதி, சாய்வாக வந்திருந்தால் திசை திரும்பி, அடுத்த ஊடகத்திற்குள் நுழைகிறது. இது ஒளிவிலகல் எனப்படும். பாடநூல்களில் எதிரொளிப்பு ஆடிகளோடும் ஒளிவிலகல் லென்சுகளோடும் சேர்த்துத் தனித்தனியே கற்பிக்கப்படுவதால், அவை தொடர்பற்ற இரு நிகழ்ச்சிகள் என்ற எண்ணம் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. உண்மையில் ஒளிபுகும் இரு பொருள்கள் சந்திக்கும் இடத்தில் இவை பெரும்பாலும் சேர்ந்தே நிகழ்கின்றன. இரண்டுக்கும் அடிப்படையும் ஒன்றே. எல்லையின் இருபுறமும் உள்ள அலைகள் அந்த எல்லையில் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும் என்ற ஒரே நிபந்தனையிலிருந்து, ஒளி எந்தத் திசையில் செல்லும், எவ்வளவு திரும்பும், எப்போது முழுவதும் திரும்பும் என்ற எல்லா விடைகளும் கிடைத்துவிடுகின்றன.

இந்தப் பங்கீட்டைக் காண எளிய இடம் ஒரு சாதாரண சன்னல் கண்ணாடி. நேராக வந்து விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைக் கண்ணாடியின் முன்பரப்பும், கிட்டத்தட்ட அதே அளவைப் பின்பரப்பும் திருப்பி அனுப்புகின்றன. ஆக 8 விழுக்காடு திரும்பிவிடுகிறது. பகலில் வெளியிலிருந்து வெள்ளமாக வரும் வெளிச்சத்தில் இந்தச் சிறு பங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவில் அறைக்குள் விளக்கெரிந்து வெளியே இருட்டாக இருக்கும்போது, அதே 8 விழுக்காடு போட்டியின்றிக் கண்ணை அடைவதால், அறையும் அதிலுள்ளோரும் சன்னலில் தெளிவாகத் தெரிகின்றனர். கண்ணாடி பகலில் ஒருவிதமாகவும் இரவில் வேறுவிதமாகவும் நடந்துகொள்வதில்லை; அதனோடு ஒப்பிடப்படும் வெளிச்சம்தான் மாறுகிறது.

கோணங்களின் கணக்கு

எல்லைப் பரப்பில் ஒளி விழும் புள்ளியில் அப்பரப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைந்துகொண்டால், வரும் கதிர் அக்கோட்டோடு உண்டாக்கும் கோணம் படுகோணம். திரும்பும் கதிர் உண்டாக்குவது எதிரொளிப்புக் கோணம். உள்ளே நுழைந்த கதிர் உண்டாக்குவது விலகுகோணம். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பது பண்டைய கிரேக்கர்களுக்கே தெரிந்திருந்தது. விலகுகோணமோ அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, காற்றிலிருந்து நீருக்குள் செல்லும் ஒளிக்கு 10 பாகை இடைவெளியில் ஓர் அட்டவணை தந்தார். அதில் படுகோணம் 10 பாகைக்கு விலகுகோணம் 8, 20 பாகைக்கு 15½, 30 பாகைக்கு 22½ என்று எண்கள் ஏறிச்சென்று, 80 பாகைக்கு 50 என்று முடிகின்றன. அடுத்தடுத்த எண்களின் வேறுபாடுகளை எடுத்துப் பார்த்தால் 7½, 7, 6½, 6 என ஒவ்வொரு முறையும் சரியாக அரைப் பாகை குறைந்துகொண்டே வருகிறது. அளந்து பெற்ற எண்கள் இத்தனை ஒழுங்காக அமைவது அரிது என்பதால், தாலமி சில அளவீடுகளை எடுத்துக்கொண்டு மற்றவற்றை இந்த ஒழுங்கிற்கு இசையத் திருத்தியிருக்க வேண்டும் என்றே அறிவியல் வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். ஆயினும் அட்டவணையின் நடுப்பகுதி உண்மைக்கு மிக நெருக்கமானது: 60 பாகைக்கு அவர் தந்த 40½ இன்றைய கணக்கோடும் பொருந்துகிறது, 80 பாகைக்குத்தான் 47½ பாகையை ஒட்டி இருக்க வேண்டிய எண் 50 ஆகிவிட்டது.

சரியான தொடர்பு கோணங்களுக்கிடையே இல்லை, அவற்றின் சைன்களுக்கிடையே இருக்கிறது. செங்கோண முக்கோணத்தில் ஒரு கோணத்திற்கு எதிரிலுள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அக்கோணத்தின் சைன். படுகோணத்தின் சைனை விலகுகோணத்தின் சைனால் வகுத்தால், எந்தச் சாய்வில் ஒளி வந்தாலும், குறிப்பிட்ட இரு ஊடகங்களுக்கு ஒரே எண்தான் கிடைக்கிறது. இதற்கு நிகரான விதியை 984-இல் பாக்தாதில் இபின் சஹ்ல், ஒளியைக் குவிக்கும் லென்சுகளை வடிவமைப்பதற்காகப் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் 1602-இலும், நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெபிரார்ட் ஸ்நெல் 1621-இலும் இதைத் தனித்தனியே கண்டறிந்தும் இருவருமே அச்சேற்றவில்லை; 1637-இல் பிரெஞ்சுக்காரரான தெகார்த்தேதான் முதலில் நூலாக வெளியிட்டார். இன்று ஸ்நெல் விதி என்று வழங்கும் இவ்விதியில் வரும் எண்ணே ஒளிவிலகல் எண். வெற்றிடத்தை 1 என்று கொண்டால் காற்றுக்கு 1.0003, நீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.5, வைரத்திற்கு 2.42 என்று அது அமைகிறது. காற்றிலிருந்து 45 பாகைச் சாய்வில் நீரில் விழும் கதிர் உள்ளே 32 பாகையில் செல்வதும், மேலிருந்து நேராகப் பார்ப்பவருக்கு இரண்டு மீட்டர் ஆழமுள்ள குளத்தின் தரை ஒன்றரை மீட்டர் ஆழத்திலேயே இருப்பதுபோல் தோன்றுவதும் இந்த எண்ணின் விளைவுகளே.

அலைமுகடுகளின் பொருத்தம்

விதி கிடைத்த பின்பும் காரணம் குறித்த வாதம் இருநூறு ஆண்டுகள் நீடித்தது. ஒளி நுண்துகள்களால் ஆனது என்று கொண்ட நியூட்டன், நீர் அத்துகள்களைத் தன்பால் ஈர்ப்பதால்தான் கதிர் செங்குத்துக் கோட்டை நோக்கி வளைகிறது என்று விளக்கினார்; அது உண்மையானால் நீருக்குள் ஒளி காற்றில் செல்வதைவிட வேகமாகச் செல்ல வேண்டும். ஒளியை அலையாகக் கண்ட ஹைகன்ஸின் விளக்கமோ, நீருக்குள் ஒளி மெதுவாகச் செல்ல வேண்டும் என்று கோரியது. 1850-இல் பாரிசில் லியோன் ஃபூக்கோ சுழலும் ஆடியைக் கொண்டு இரு வேகங்களையும் ஒப்பிட்டு, நீரில்தான் ஒளி மெதுவாகச் செல்கிறது என்று காட்டியதும் தீர்ப்பு அலைகளின் பக்கம் சாய்ந்தது. வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, நீரில் ஏறத்தாழ 2.25 லட்சமும், கண்ணாடியில் 2 லட்சமும், வைரத்தில் 1.24 லட்சமும்தான் செல்கிறது. ஒளிவிலகல் எண் என்பது இந்த வேகக் குறைவின் அளவே.

வேகம் குறைந்தால் திசை ஏன் மாற வேண்டும் என்பதற்கு எல்லையில் விடை இருக்கிறது. நொடிக்கு எத்தனை அலைமுகடுகள் எல்லையை வந்தடைகின்றனவோ, அத்தனை முகடுகள்தான் அங்கிருந்து புறப்பட முடியும். முகடுகள் எல்லையில் தேங்கி நிற்கவோ புதிதாக முளைக்கவோ வழியில்லை. ஆகவே அலையின் அதிர்வெண் எந்த ஊடகத்திலும் மாறுவதில்லை. வேகம் குறையும்போது முகடுகளுக்கிடையே உள்ள தொலைவான அலைநீளமே சுருங்குகிறது. காற்றில் 589 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி நீருக்குள் 442 நானோமீட்டர் ஆகிவிடுவது இதனால்தான். சாய்வாக வரும் அலையின் முகடுகள் எல்லைப் பரப்பை ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் வெட்டுகின்றன. நீருக்குள் செல்லும் அலையின் முகடுகளும் அதே இடைவெளியில் அதே புள்ளிகளைத் தொட்டாக வேண்டும். அலைநீளம் சுருங்கிய ஓர் அலை பழைய இடைவெளியிலேயே எல்லையைத் தொட வேண்டுமானால், அதன் முகடுகள் எல்லைக்கு மேலும் இணையாகப் படிந்தாக வேண்டும். அதாவது கதிர் செங்குத்துக் கோட்டை நோக்கித் திரும்ப வேண்டும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கணக்கிட்டால் கிடைப்பது ஸ்நெல் விதியே. திரும்பிச் செல்லும் அலையோ பழைய ஊடகத்திலேயே பழைய அலைநீளத்தோடு இருப்பதால், அது வந்த கோணத்திலேயே திரும்பினால்தான் எல்லையில் பொருந்தும். இவ்வாறு எதிரொளிப்பு விதியும் ஒளிவிலகல் விதியும் ஒரே தேவையின் இரு முகங்களாகின்றன. இந்தத் திருப்பத்தை நீரலைகளிலும் காணலாம்: ஆழ்கடலில் எந்தத் திசையிலிருந்து புறப்பட்டாலும், ஆழம் குறையக் குறைய வேகம் இழக்கும் அலைகள், மணற்கரையை நெருங்கும்போது கரைக்கு ஏறத்தாழ இணையாகத் திரும்பிவிடுகின்றன.

எவ்வளவு திரும்பும்?

திசையை அறிந்தபின் எழும் கேள்வி பங்கீடு பற்றியது. பொருளுக்குள் நுழையும் ஒளி, அதன் அணுக்களிலுள்ள எலக்ட்ரான்களைத் தன் அதிர்வெண்ணிலேயே அசைக்கிறது. அசையும் ஒவ்வொரு எலக்ட்ரானும் தானே ஒரு சிறு ஒளிமூலமாகி அலைகளை வெளியிடுகிறது. முன்னோக்கிச் செல்லும் இவ்வலைகள் மூல அலையோடு சேர்ந்து, வேகம் குறைந்த ஒரே அலையாகத் தோற்றமளிக்கின்றன. பின்னோக்கி வருபவை பொருளின் உட்பகுதியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பரப்பை ஒட்டிய பகுதியில் மட்டும் அழிப்பதற்குத் துணை இல்லாமல் எஞ்சுபவையே எதிரொளித்த ஒளியாக வெளிவருகின்றன. பிரெஞ்சு அறிஞர் அகஸ்டின் ஃபிரெனல் 1823-இல் தந்த சமன்பாடுகள் இந்தப் பங்கை எந்தக் கோணத்திற்கும் கணக்கிட உதவுகின்றன. நேராக விழும் ஒளிக்குக் கணக்கு மிக எளிது: இரு ஊடகங்களின் ஒளிவிலகல் எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வரும் எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் போதும். காற்றிலிருந்து நீருக்கு 2 விழுக்காடு, கண்ணாடிக்கு 4, வைரத்திற்கு 17 என்ற பங்குகள் இதிலிருந்தே கிடைக்கின்றன. வைரத்தின் பளபளப்பில் பாதிக் கதை இதுதான்.

சாய்வு கூடக்கூடத் திரும்பும் பங்கும் கூடுகிறது. நீரின் மேல் நேராக விழும்போது 2 விழுக்காடே திரும்பும் ஒளி, 60 பாகைச் சாய்வில் 6 விழுக்காடும், 80 பாகையில் ஏறத்தாழ 35 விழுக்காடும் திரும்புகிறது. நண்பகலில் அடிமணல்வரை தெரியும் தெளிந்த ஏரி, மாலையில் சூரியன் தாழ்ந்ததும் கண் கூசும்படி மின்னுவதற்கு நீரில் எந்த மாற்றமும் காரணமில்லை. படுகோணம் மாறியதே காரணம்.

இந்த ஏற்றத்திற்குள் ஒரு வியப்பான விதிவிலக்கு ஒளிந்திருக்கிறது. ஒளி அலை தான் செல்லும் திசைக்குக் குறுக்காக அதிர்கிறது. சூரிய ஒளியில் எல்லாக் குறுக்குத் திசை அதிர்வுகளும் கலந்திருக்க, ஒரே திசையில் மட்டும் அதிரும்படி ஒளி வடிகட்டப்படுவதற்குத் தளவிளைவு என்று பெயர். 1808-இல் பாரிசில் எட்டியன் லூயி மாலஸ், லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைக் கால்சைட்டுப் படிகத்தின் வழியே நோக்கியபோது, படிகத்தைச் சுழற்றச் சுழற்ற அதில் தெரிந்த இரு பிம்பங்களின் ஒளிர்வு மாறுவதைக் கண்டு, எதிரொளிப்பே ஒளியைத் தளவிளைவுக்கு உட்படுத்துகிறது என்று உணர்ந்தார். இது முழுமையாக நிகழும் கோணத்திற்கான விதியை 1815-இல் ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் வகுத்தார்: எதிரொளித்த கதிரும் விலகிய கதிரும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும்போது, படுதளத்தில் அதிரும் ஒளி சிறிதும் திரும்புவதில்லை. வந்த கதிரும் செங்குத்துக் கோடும் சேர்ந்து அமையும் தளமே படுதளம். அந்த நிலையில் நீருக்குள் உள்ள எலக்ட்ரான்கள் எதிரொளிப்புத் திசையிலேயே அசைகின்றன. அதிரும் மின்னூட்டம் தான் அசையும் கோட்டின் நேர்த்திசையில் ஒளி உமிழ்வதில்லை என்பதால், அத்திசையில் அனுப்ப அவற்றிடம் எதுவும் இல்லை. நீருக்கு இக்கோணம் 53 பாகை, கண்ணாடிக்கு 56.

இந்த எண்ணைக் கையில் கொண்டு கடலின் நிறத்தை ஆராய்ந்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன். ஆழ்கடலின் நீலம், நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் வானத்தின் நீலமே என்பது அக்காலத்தில் ராலே பிரபு போன்ற பேரறிஞரே ஏற்றிருந்த கருத்து. 1921-இல் இங்கிலாந்து சென்று நார்குண்டா கப்பலில் திரும்பிவந்த இராமன், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் தேர்ந்து கடத்தும் நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்முன் பிடித்து, புரூஸ்டர் கோணத்தில் கடலை நோக்கினார். பட்டகத்தைச் சுழற்றிப் பரப்பில் எதிரொளித்த ஒளியை அணைத்துவிட்டால், நீருக்குள்ளிருந்து எழும் ஒளி மட்டும் எஞ்சும். கடலின் நீலம் வானத்திடம் கடன் வாங்கியதானால் அப்போது அது மங்கியிருக்க வேண்டும். மாறாக, வானத்தின் பளபளப்பு நீங்கியதும் நீலம் மேலும் செழித்துத் தெரிந்தது. நிறம் பரப்புக்கு உரியதன்று, நீரின் உள்ளே பிறப்பது என்று அவர் முடிவுசெய்து, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்று எழுதினார். நீர் சிவப்பொளியை உட்கவர்வதற்கும் அந்நிறத்தில் பெரும்பங்கு உண்டு என்பது இன்றைய தெளிவு. மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலை அவர் விடாது தொடர்ந்ததே 1928-இல் இராமன் விளைவுக்கு இட்டுச்சென்றது. கையடக்கமான ஒரு கருவியாலும் எல்லையின் விதியைத் துல்லியமாக அறிந்திருந்ததாலும் ஒரு பெருங்கேள்விக்கு விடை காண முடிந்தது என்பது, அடிப்படை அறிவின் வலிமைக்கு மறுக்க முடியாத சான்று.

முழுவதும் திரும்பும் ஒளி

ஒளி நீரிலிருந்து காற்றுக்குச் செல்லும்போது வேகம் கூடுவதால், கதிர் செங்குத்துக் கோட்டிலிருந்து விலகி வளைகிறது. நீருக்குள் படுகோணம் 48.6 பாகையை எட்டும்போது வெளியேறும் கதிர் பரப்பை ஒட்டியே செல்லும். இதுவே மாறுநிலைக் கோணம். அதற்கு மேலும் சாய்ந்து வரும் அலையின் முகடுகள் எல்லையை வெட்டும் இடைவெளி, காற்றில் அதே ஒளிக்குரிய அலைநீளத்தைவிடக் குறைந்துவிடுகிறது. அவ்வளவு நெருக்கமான புள்ளிகளோடு பொருந்திச் செல்லக்கூடிய அலை எதுவும் காற்றில் இருக்க முடியாது. எனவே ஒளி முழுவதும் நீருக்குள்ளேயே திரும்புகிறது. முழு அக எதிரொளிப்பு எனப்படும் இதில், வெள்ளி பூசிய மிகச் சிறந்த ஆடியிலும் நேரும் சில விழுக்காட்டு இழப்புகூட இல்லை. வைரத்தின் மாறுநிலைக் கோணம் 24.4 பாகைதான் என்பதால், தக்கவாறு பட்டை தீட்டப்பட்ட கல்லுக்குள் புகுந்த ஒளி அடிப்பக்கங்களில் முழுவதும் திரும்பி மேலே வந்தே வெளியேறுகிறது. வைரத்தின் மீதிக் கதை இது.

ஆயினும் அலை எல்லையில் வெட்டுண்டதுபோல் நின்றுவிடுவதில்லை. காற்றுக்குள் ஏறத்தாழ ஓர் அலைநீளத் தொலைவுவரை எட்டிப்பார்த்து, விரைந்து தேய்ந்து மறைகிறது. நீர் நிறைந்த கண்ணாடித் தம்ளரைக் கையில் பிடித்து, நீர்ப்பரப்பின் வழியே சாய்வாக அதன் உட்சுவரை நோக்கினால் இது புலப்படும். முழு அக எதிரொளிப்பால் சுவர் வெள்ளி முலாம் பூசியதுபோல் மின்ன, பிடித்திருக்கும் விரல்கள் அதன்வழியே தெரிவதில்லை. ஈரவிரலைச் சற்றே அழுத்தினால், விரல்ரேகையின் மேடுகள் மட்டும் கண்ணாடியைத் தொட்டு, தேய்ந்து மறையவிருந்த அலையைப் பற்றிக்கொள்கின்றன. அவ்விடங்களில் எதிரொளிப்பு குலைந்து, ரேகையின் வரிகள் ஒவ்வொன்றாக வெள்ளிப் பின்னணியில் எழுந்து தெரிகின்றன. விரல்ரேகையைப் பதிவுசெய்யும் ஒளியியல் கருவிகள் இதே விளைவால் இயங்குகின்றன: மேடுகள் இருண்டும் பள்ளங்கள் ஒளிர்ந்தும் பதிவாகின்றன.

முழு அக எதிரொளிப்பின் மிகப் பெரிய பயன் ஒளியிழை. தலைமுடியை ஒத்த தடிமனுள்ள கண்ணாடி இழையின் நடுவே ஒளிவிலகல் எண் சற்றே கூடிய உள்ளகமும், அதைச் சுற்றி எண் சற்றே குறைந்த உறையும் அமைந்திருப்பதால், உள்ளே புகுந்த ஒளி பக்கவாட்டில் தப்ப வழியின்றி இழை வளையும் பக்கமெல்லாம் வளைந்து செல்கிறது. எல்லையில் இழப்பில்லை என்றாலும் தொடக்ககால இழைகளின் கண்ணாடி ஒளியை உறிஞ்சிவிட்டது. அதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பன்று, அதிலுள்ள மாசுகளே என்று 1966-இல் சார்லஸ் காவோ நிறுவியதே திருப்புமுனை. ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளியாவது எஞ்ச வேண்டும் என்று அவர் வைத்த இலக்கை 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவன ஆய்வாளர்கள் எட்டினர். இன்றைய இழைகளில் அதே நூற்றில் ஒரு பங்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் எஞ்சுகிறது. சென்னையை அந்தமான் நிக்கோபார் தீவுகளோடு இணைக்க 2020-இல் செயல்படத் தொடங்கிய, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கேபிளின் உள்ளே செய்திகளைச் சுமப்பவை இத்தகைய இழைகளே.

எல்லை மறையும்போது

இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்கள் சமமானால், அவற்றுக்கிடையே பரப்பு இருந்தும் ஒளிக்கு எல்லை இல்லை. ஆய்வகங்களில் பயன்படும் பைரெக்ஸ் கண்ணாடியின் எண்ணும் பல சமையல் எண்ணெய்களின் எண்ணும் 1.47-ஐ ஒட்டி இருப்பதால், எண்ணெயில் மூழ்கிய பைரெக்ஸ் குழாய் கண்ணுக்குக் கிட்டத்தட்ட முழுவதும் மறைந்துவிடுகிறது. நீருக்குள் கண் திறந்தால் எல்லாம் மங்கலாகத் தெரிவதும் இதன் பாற்பட்டதே: கண்ணின் குவிக்கும் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்கும் விழிவெண்படலத்திற்கும் இடையிலுள்ள எல்லையில் பிறக்கிறது, 1.38 எண்ணுடைய அப்படலத்தின்முன் காற்றுக்குப் பதில் 1.33 எண்ணுடைய நீர் வந்தால், அந்த எல்லையின் ஆற்றல் பெரும்பாலும் அற்றுப்போகிறது. இதற்கு நேர்மாறாக, நிறமற்ற பொருளைப் பொடித்து எல்லைகளைப் பெருக்கினால் அது வெண்மையாகிறது. உப்பும் சர்க்கரையும் நொறுங்கிய கண்ணாடியும் வெண்மையாகத் தோன்றுவது, எண்ணற்ற பரப்புகளில் சிறிது சிறிதாகத் திரும்பும் ஒளி எல்லா நிறங்களையும் கலந்தே வெளிவிடுவதால்தான்.

எல்லையில் ஒளி நடந்துகொள்ளும் முறை பொருளின் ஒளிவிலகல் எண்ணைப் பொறுத்தது என்பதால், அந்நடத்தையை அளந்தே பொருளின் உட்தன்மையை அறிய முடிகிறது. கரும்பு முதிர்ந்துவிட்டதா என்று வயலிலேயே சோதிக்கப் பயன்படும் கை ஒளிவிலகல்மானி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பட்டகத்தின்மேல் சாற்றின் சில துளிகளை இட்டு மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், மாறுநிலைக் கோணம் அமையும் இடத்தில் ஒளிக்கும் நிழலுக்கும் இடையே ஒரு கூரிய கோடு விழுகிறது. 1.333 எண்ணுடைய தூய நீர், எடையில் 20 விழுக்காடு சர்க்கரை கரைந்ததும் 1.364 எண்ணுடையதாகிறது, இந்தச் சிறு வேறுபாடே கோட்டை அளவுகோலில் நகர்த்திச் சாற்றின் இனிப்பை எண்ணாகச் சொல்லிவிடுகிறது. தாலமியின் அட்டவணை தவறவிட்ட ஓரிரு பாகைகளைச் சீராக்கும் விதி அச்சேற ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆயின. அந்தத் திருத்தத்தின் துல்லியத்தை நம்பியே இன்று கரும்பின் அறுவடை நாள் குறிக்கப்படுகிறது, கடலுக்கடியில் செய்தி செல்கிறது. எல்லையில் இரு அலைகள் பொருந்தியாக வேண்டும் என்ற ஒரே விதியை அறிந்தவருக்கு, நீர், கண்ணாடி, வைரம், கண் ஆகிய அனைத்தும் ஒரே கணக்கின் வெவ்வேறு எண்களாகப் புரிந்துவிடுகின்றன.